அவிழ்த்துவிட்டால் கணக்குத் தீருமா?

பிராணிகள் வளர்ப்பது பற்றி வாசக அன்பர்கள் நமக்கு விடுக்கும் கேள்விகள் பெரும்பாலும் நாயைப் பற்றியும் பூனையைப் பற்றியுமே இருக்கும். இம்முறை வந்திருப்பது இகுவானாவைப் பற்றி. மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரையுள்ள காடுகளுக்குரிய ஊர்வன அது. நம் ஊர் ஓணானைப் பெரிதாக்கிப் பச்சை வர்ணம் பூசினாற் போலிருக்கும். சென்னையில் ஒரு வீட்டில் மகன் ஆசைப்பட்டான் என்று ஒரு சாண் நீளக் குட்டியாக வாங்கியிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளில் அது ஒரு கஜத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. கிட்டே போனால் வாலால் விளாசுகிறது. மகனோ வெளியூர்க் கல்லூரிக்குப் போய்விட்டான். பூனையைக் கட்டிப்போட்டுக் கொன்ற பெண் நரகம் புகுந்தாள் என்று ஹதீஸில் வருகிறதே, ஆகவே இதை அடைத்து வைக்காமல் ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்பது கேள்வி.

கேட்டவர் அல்லாஹ்வுக்கு அஞ்சியே கேட்கிறார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஹதீஸை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான அந்தச் செய்தியில் அப்பெண்மீது சுமத்தப்படும் குற்றம், கட்டிவைத்தது மட்டுமன்று. தானும் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள சிறு பிராணிகளைத் தானே தேடித் தின்னவும் விடவில்லை. வெளியே விட்டிருந்தால் அந்தப் பூனை பிழைத்திருக்கும். ஏனெனில் அது அந்த மண்ணின் பூனை. எலியும் பூச்சியும் எங்கே கிடைக்கும் என்று அதற்குத் தெரியும். பிறந்தது முதல் கூண்டிலேயே வளர்ந்து, நறுக்கிப் போட்ட கீரையைத் தின்று பழகிய ஓர் அயல்நாட்டுப் பிராணியை ஏரிக்கரையில் விடுவது அந்தப் பூனையை அவிழ்த்துவிடுவதற்கு நிகராகுமா?

இன்னொரு ஹதீஸையும் இங்கே நினைக்க வேண்டும். அப்துல்லாஹ் பின் ஜஃபர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் வருவது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்சாரி ஒருவரின் தோட்டத்துக்குள் நுழைந்தபோது அங்கிருந்த ஒட்டகம் அன்னாரைக் கண்டு முனகிக் கண்ணீர் வடித்தது. அன்னார் அதைத் தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தினார்கள். பிறகு முதலில் கேட்டது, இதன் உடைமையாளர் யார் என்பதே. இளைஞர் ஒருவர் முன்வந்தார். அல்லாஹ் உன் உடைமையாக்கித் தந்த இந்த வாயில்லா ஜீவன் விஷயத்தில் நீ அவனை அஞ்ச வேண்டாமா என்ற கருத்தில் அவரைக் கடிந்துகொண்டார்கள். அதை அவிழ்த்துத் துரத்திவிடு என்று சொல்லவில்லை. நீ உடைமையாளன் என்பதைத்தான் நினைவூட்டினார்கள்.

பிராணி வளர்ப்பதே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவி வளர்த்ததையும், அது இறந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவனிடம் பரிவோடு பேசியதையும் அறியாதவர் யார்! வளர்க்கத் தொடங்கியபின் எப்போது விடுபடுகிறோம் என்பதே நம் கேள்வி.

இதற்கு ஃபிக்ஹு நூல்களில் தெளிவான இடம் உண்டு. ஷாபிஈ மத்ஹபில் பெயர் பெற்ற இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், தன் பிராணிகளுக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உடையவன் மீது கடமை என்று வருகிறது. மறுத்தால் அதிகாரத்திலுள்ளோர் அவனை நிர்ப்பந்திக்க வேண்டும். உண்ணத் தகுந்த பிராணியானால் விற்பது, தீனி போடுவது, அறுப்பது என்று மூன்று வழி. உண்ணத் தகாததானால் விற்பது அல்லது தீனி போடுவது. இவ்வளவே. தெருவில் விட்டுவிடுவது அந்த வரிசையில் இல்லை. அதே நூலில் வேட்டைப் பகுதியில் இன்னும் வியப்பான ஒரு சட்டம்: பிடித்துச் சொந்தமாக்கிய பிராணி தப்பி ஓடினாலும் உடைமை நீங்காது, உடையவனே வேண்டுமென்று விட்டுவிட்டாலும், வலுவான கருத்தின்படி, நீங்காது. அறியாமைக் காலத்து அரபிகள் நேர்ச்சைக்காக ஒட்டகங்களை அவிழ்த்துவிட்டு வந்ததை அல்மாயிதா அத்தியாயம் 103ஆம் வசனம் கண்டிப்பதும் இங்கே நோக்கத் தக்கது. கூண்டைத் திறந்தவுடன் நம் கை சுத்தமாகிவிட்டது என்று நாம்தான் எண்ணிக்கொள்கிறோம்.

நிற்க. ஏரிக்கரையில் விட்டால் என்ன நடக்கும்? தெருநாய் குதறும், அல்லது உடும்பென்று எண்ணி யாராவது அடிப்பார்கள். ஓணானைக் கண்டாலே கல்லெடுக்கும் சிறுவர்கள் நம் மஹல்லாக்களில் இல்லையா? பல்லி பற்றி வந்த ஹதீஸை, காசு கொடுத்து வாங்கி வளர்த்த பிராணியின் மீது ஏற்றுவது நமக்குச் சரியாகப் படவில்லை.

சாகாமல் பிழைத்தால் அது வேறு விபரீதம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1960களில் மயாமிப் பகுதியில் இவை முதலில் காணப்பட்டன. வளர்த்தவர்கள் விட்டவையும், தப்பியவையும், சரக்கோடு வந்தவையும் பெருகி, கால்வாய்க் கரைகளைத் துளைத்துச் சரிக்கின்றன. 2020 ஜனவரியில், குளிரில் விறைத்த இகுவானாக்கள் மரத்திலிருந்து விழக்கூடும் என்று வானிலை அலுவலகமே எச்சரிக்க நேர்ந்தது. இன்று அங்கே வீட்டுக்காரர்கள் தம் நிலத்தில் அவற்றைக் கொல்ல அனுமதி உண்டு. விடுதலை கொடுத்ததாக எண்ணியவர்கள் அவற்றின் சந்ததிக்குக் கொடுத்தது இதைத்தான். அதே மாநிலம் 2006 முதல், வளர்க்க முடியாதவர்கள் தண்டனையின்றிக் கொண்டுவந்து ஒப்படைக்கவும், தகுதி பார்க்கப்பட்டவர்கள் பெற்றுச் செல்லவும் ஏற்பாடு செய்திருக்கிறது.

ஆகவே கைமாற்றுவதே வழி. விலை பேசாமல் கொடுப்பதே நல்லது. ஊர்வனவற்றை விற்பதில் ஃபிக்ஹுச் சிக்கல்கள் உண்டு, தவிர விலை பேசத் தொடங்கினால் நாக்கு குறையை மறைக்கும். தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியில் ஈரம் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி இதற்கும் பொருந்தும். இது 15 முதல் 20 ஆண்டு வாழக்கூடியது, ஆண் ஒன்றரை மீட்டருக்கு மேலும் வளரும், பருவ காலத்தில் கடிக்கும், பெண் துணையில்லாமலே முட்டையிடும் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். தொட்டவர்கள் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். இனாமாகக் கிடைக்கிறதே என்று கை நீட்டுபவரைவிட, எங்கே வைப்பது, என்ன கொடுப்பது என்று நம்மைத் துருவித் துருவிக் கேட்பவரே ஏற்ற ஆள்.

சட்டமும் உண்டு. 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படியும், இகுவானா வைத்திருப்பதைப் பதிவு செய்ய வேண்டும். கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். அதற்குத் தரப்பட்ட ஆறு மாதக் கெடு முடிந்துவிட்டதே என்று ஒளித்து வைப்பதைவிட, மாநில வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லி வழி கேட்பதே முஸ்லிமுக்கு அழகு.

தக்கவர் கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை அது உங்கள் பொறுப்பு. முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், துருவிய பூசணி கொடுங்கள். கோழியும் முட்டையும் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயில் உடம்பில் படாவிட்டால் எலும்பு மெலிந்து தாடை தளர்ந்துவிடும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. காலையில் மொட்டைமாடியில், பக்கத்தில் நிழலும் இருக்கும்படி, கம்பிக் கூண்டில் வையுங்கள். ஒப்படைக்கும் நாளில் காற்றோட்டமுள்ள பெட்டியில் கொண்டுபோய், அது என்ன தின்னும், எந்த வேளையில் தின்னும், எதற்கு மிரளும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். மகன் விடுமுறைக்கு வரும்போது அந்தத் தாளை அவனையே எழுதச் சொல்லலாம்.