முறை சொல்லாத மடை

வரத்து குறைந்த ஆண்டுகளில் கல்லணையிலிருந்து காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். தன் முறை என்றைக்கு என்று தெரிந்தால் கடைமடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டாவது நாற்றங்காலைக் காப்பாற்ற வழி பார்ப்பார். நாளும் சொல்லாமல் காரணமும் சொல்லாமல் ஷட்டரை இறக்கிவிட்டால்தான் மண்வெட்டிகள் உயரும்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர் நாற்காலிகள் சில ஆண்டுகள் அப்படித்தான் அடைபட்டுக் கிடந்தன. மூவர் கொண்ட தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பிரதிநிதியையும் சேர்க்க வேண்டும் என்றார் வேந்தரான ஆளுநர் ஆர்.என்.ரவி, மாநிலச் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றது அரசு. இழுபறியில் சென்னைப் பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் நாற்காலி காலியானது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ 2024 நவம்பரில், ஓய்வுபெறச் சில வாரங்களே இருந்த துணைவேந்தரை ஆளுநர் பணியிடை நீக்கம் செய்தார். 2017-18இல் நடந்த ஆசிரியர் நியமனங்கள் பற்றிய விவகாரம் அதன் பின்னணி. 1981இல் தமிழுக்கென்றே தொடங்கப்பட்ட ஒரு நிறுவனமும் சண்டைக்குள் வந்து சேர்ந்தது.

தடுப்பவர் தரப்பில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லஞ்சப் புகாரில் கைதானார். அதே ஆண்டு, துணைவேந்தர் பதவிகள் கோடிகளுக்குக் கைமாறுவதாக அப்போதைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித் மேடையிலேயே பேசினார். இப்படியொரு பின்கதை இருக்கையில், நியமனத்தை இன்னொரு கண்ணும் பார்க்கட்டும் என்பது வெறும் வம்பு ஆகாது. மறுபக்கம், கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்த அரசுதான் பதில் சொல்கிறது; நியமனம் பெற்று வந்த ஒருவர் அதன் கையைக் கட்டலாமா என்ற கேள்வியும் வலுவானதே.

ஆகவே ‘முடியாது’ என்று சொல்வது தவறில்லை. சொல்லாமல் இருப்பதுதான் தவறு. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் மசோதாவைச் சட்டமன்றம் 2022 ஏப்ரலில் நிறைவேற்றியது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் அது கிடப்பில் இருந்தது. அரசு உச்ச நீதிமன்றம் போன பிறகு, 2023 நவம்பர் 13 அன்று அது உட்படப் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைப்பதாக ஆளுநர் அறிவித்தார். விளக்கம் எதுவும் கூட வரவில்லை. காரணம் எழுதினால் அதற்குப் பதில் எழுதலாம். மௌனத்துக்கு என்ன பதில் எழுதுவது? இதில் அறம் பிசகும் இடம் ஒன்று உண்டு. அடைப்பவருக்கு எந்தச் செலவும் இல்லை. ஆளுநர் மாளிகையில் விளக்கு அணையாது, கோட்டையில் நாற்காலி ஆடாது. பட்டமளிப்புக்குக் காத்திருக்கும் மாணவர்தான் அந்தக் கடனைக் கட்டுகிறார்.

அடைத்த மடையைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவதும் அவ்வளவு சுத்தமான வேலை இல்லை. உயர்கல்விச் செயலாளர் தலைமையில் ஒரு பொறுப்புக் குழு போட்டுவிட்டால் கோப்பு நகரும். நகர நகர, முழுநேரத் துணைவேந்தர் வேண்டும் என்ற அவசரமும் குறையும். அமெரிக்காவிலும் இப்படியொரு சுற்றுவழி உண்டு: செனட் ஒப்புதல் தராதபோது, அவையின் இடைவேளையில் அதிபர் நியமித்துக்கொள்ளலாம். 2012 ஜனவரியில் ஒபாமா அப்படித் தொழிலாளர் வாரியத்துக்கு மூவரை நியமித்தார். இத்தகைய நியமனங்களைத் தடுக்க செனட் செய்துவந்த தந்திரம், சில நாளுக்கொரு முறை பேருக்கு அவையைக் கூட்டிக் கலைப்பது. 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த மூன்று நியமனங்களும் செல்லாது என்றது. தந்திரத்துக்குத் தந்திரம்; வாரியத்தை நம்பியிருந்த தொழிலாளி நடுவில் நின்றார்.

இங்கேயும் தீர்ப்புகள் வந்தன. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றது. மே 21 அன்று துணைவேந்தர் நியமனப் பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதும் கூடாது என்றார்கள். ஆனால் காரணம் சொல்லாத நீண்ட செயலின்மையை நீதிமன்றம் கேள்வி கேட்கலாம் என்ற சிறு வாசலை மூடவில்லை.

கட்சி மாறினால் இந்த நியாயங்களும் இடம் மாறிக்கொள்கின்றன. குஜராத்தில் 2003 முதல், ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தா பதவி காலியாகக் கிடந்தது. அங்கே அரசு பாஜகவினுடையது, ஆளுநர் கமலா பேனிவால் காங்கிரஸ்காரர். 2011 ஆகஸ்டில் மாநில அரசைத் தாண்டி ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.ஏ.மேத்தாவை அவர் நியமித்தார். ஆளுநர் வரம்பு மீறினார் என்று அன்று கொதித்தது பாஜக. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நியமனம் செல்லும் என்றது. ஆனால் தன்னை நம்பாத ஓர் அரசின் கீழ் எப்படிப் பணியாற்றுவது என்று, அதே ஆண்டு ஆகஸ்டில் மேத்தா பதவியே வேண்டாம் என்று எழுதிவிட்டார். பத்தாண்டாகக் காலியாக இருந்த நாற்காலி அப்படியே இருந்தது.