ரசீதுப் புத்தகத்தைச் சுமப்பவர்

நீதிக்காகக் குரல் கொடுக்கும் இதழ்களைப் பற்றிப் பேசும்போது, நாம் பெரும்பாலும் அவற்றின் ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையுமே எண்ணுகிறோம். அச்சான பிரதிகளைப் பையில் இட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, சந்தா சேர்த்து, விளம்பரம் கேட்டு, நிலுவைத் தொகைக்காக ஒரே படியை மும்முறை ஏறி இறங்கும் ஒருவரை நாம் எண்ணுவதில்லை. அவர் பெரும்பாலும் பகுதிநேரப் பணியாளர். காலையில் வேறொரு வேலை, மாலையில் இவ்வேலை. ஆசிரியர் குழுவின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இராது. ஆயினும், இத்தகைய இதழின் மனச்சான்று எங்கே சோதிக்கப்படுகிறது என்று கேட்டால், அவர் கையிலுள்ள ரசீதுப் புத்தகத்தைத்தான் நாம் சுட்டவேண்டியிருக்கும்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். இங்கே முழுப்பக்க விளம்பரம் தரும் வசதி யாருக்கு உண்டு? நகைக்கடை, துணிக்கடை சில இருக்கலாம். மற்றபடி தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளுமே. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுவது தோல். பாலாற்றையும் அதன் கரையோரக் கிணறுகளையும் கெடுத்ததும் அவ்வாலைகளின் கழிவுநீரே. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று அளித்த தீர்ப்பு, நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அடிப்படையாயிற்று. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும், ஆலைகள் சூழ்ந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்பதும் அத்தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளன. இத்தொழில் அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது என்பதை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அதனாலேயே மக்களின் நலத்தையும் இயற்கையையும் அழிக்கும் உரிமை அதற்கு வந்துவிடாது என்றது. அதன் பின்னரும் 2015 ஜனவரி 31 அன்று, இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மாண்டனர். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட மண்ணில், ஒரு சமூக நீதி இதழுக்காக விளம்பரம் கேட்கச் செல்லும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்கு மாதச் சம்பளம் சொற்பம். சந்தாவுக்கு இவ்வளவு, விளம்பரத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்று கழிவு உண்டு. கிறிஸ்து பிறப்பு மலருக்கு ஓர் ஆலை அதிபர் பின்னட்டையை முழுமையாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். தேநீர் வருகிறது. "உங்க பத்திரிகை நல்லாத்தான் இருக்கு. பாலாறு பாலாறுன்னு எழுதுறதைத்தான் கொஞ்சம் கொறைச்சுக்கணும்" என்று சிரித்துக்கொண்டே காசோலையில் கையெழுத்திடுகிறார். ஒருவேளை அதுவும் சொல்லமாட்டார். சொல்லவேண்டிய தேவையே இராது. காசோலையோடு சேர்ந்து வரும் அந்த மௌனத்தை அலுவலகத்துக்குச் சுமந்து செல்பவர் அந்தப் பகுதிநேரப் பணியாளர். வாங்காமல் திரும்பினால் அம்மாதம் அவர் வீட்டில் குறை. வாங்கி வந்தால், இதழின் கொள்கையை விற்றவர் என்னும் பெயர் அவருக்கே.

தோல் பணமே தீட்டு என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அப்படிச் சொல்ல முடியாது. நம் முன்னோர் இராயப்பர் என்றழைத்த பேதுரு, யாப்பா நகரில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில் பல நாள் தங்கியிருந்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. செத்த விலங்கின் தோலைத் தொடுபவரை யூத சமுதாயம் தாழ்வாகக் கருதிய காலம் அது. நம் நாட்டிலும் தோலைத் தொட்டவரைத் தொடாதே என்ற சாதி வழக்கத்தின் கொடுமையை இவ்வட்டார மக்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. எனவே தோலில் குற்றமில்லை. கழிவுநீரை அப்படியே ஆற்றில் விட்டதிலும், விட்டதை மறைத்ததிலுமே குற்றம். சுத்திகரிப்புக்கு முறையாகச் செலவிடும் ஆலையையும் இரவில் மதகைத் திறந்துவிடும் ஆலையையும் ஒரே தட்டில் வைப்பது நீதியாகாது. (பேதுருவுக்கு இடங்கொடுத்த சீமோன் அவருடைய மறையுரையைத் திருத்த முற்பட்டதாகச் செய்தி ஏதுமில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.)

விளம்பரமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் உண்டு. 1903-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் காந்தியடிகள் முதலில் விளம்பரங்களை ஏற்றார், பின்னர் நிறுத்திவிட்டார். அதற்கு அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. நல்ல ஊழியர்களின் நேரம் விளம்பரம் தேடுவதிலும் பாக்கி வசூலிப்பதிலும் விளம்பரதாரரைப் புகழ்வதிலும் வீணாகிறது என்பதே அது. வாசலில் நிற்பவரின் முகத்தாட்சண்யத்தை அவர் கண்டிருந்தார் என்பது நம் எண்ணம். நம் தமிழகத்திலேயே 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கியபோது விலையையே பெயரில் வைத்தார். நமக்கு அண்மையிலுள்ள கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் அதனைத் தாங்கிய வாசகருள் முக்கியமானவர்கள். 1933 மே முதல் நாளன்று நியூயார்க்கில் டாரதி டே அம்மையார் வெளியிட்ட 'கத்தோலிக்கத் தொழிலாளி' ஒரு சென்டுக்குத் தெருவில் விற்கப்பட்டது. இன்றும் அதே விலைதான். அதனை நடத்தியவர்கள் ஏழ்மையை விரும்பி ஏற்றவர்கள். சம்பளம் கேட்கவில்லை.

இங்கேதான் நம் இதழ்கள் வழுக்கி விழுகின்றன. "இது ஊழியம், தொழிலன்று, கொடுப்பதைப் பெற்றுக்கொள்ளலாமே" என்று பணியாளரிடம் சொல்லிவிடுகிறோம். புனித பவுல் கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா இல்லத்தில் தங்கிக் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே போதித்தார். நம் காலச் சொல்லில் அவரும் பகுதிநேரப் பணியாளரே. ஆனால் கொரிந்தியருக்கு எழுதும்போது அவர் முதலில் செய்வது, உழைப்பவருக்குக் கூலி பெற உரிமை உண்டு என்று வாதாடி நிலைநாட்டுவது. அதன் பின்னரே, அந்த உரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார். உரிமையை உடையவர்தாம் அதனைத் துறக்க முடியும். பிறருடைய கூலியை அவர் சார்பில் நாம் துறப்பதற்குத் தியாகம் என்று பெயரிட முடியுமா? நீதியைப் பற்றிப் பேசத் துணிபவர் முதலில் மக்கள் கண்முன் நீதியுள்ளவராக இருக்கவேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம் கூறியபோது, திருச்சபையின் சொந்தப் பணியாளர்களின் ஊதியத்தையும் சேர்த்தே கூறியது.

ஆம்பூர்ச் சுற்றுவட்டாரத்தில் வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்து காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் பெண்களை நாம் அறிவோம். ஜோடிக்கு இவ்வளவு என்பதே அவர்கள் கூலி. வேலையில்லாத நாளின் இழப்பும், வீணான ஜோடியின் இழப்பும் அவர்களுடையவை. வெளிநாட்டுக் கடையில் மின்னும் பெயர் வேறொருவருடையது. இம்முறையைக் கண்டித்து ஓர் இதழ் கட்டுரை எழுதும், எழுதவும் வேண்டும். அக்கட்டுரை வெளியான இதழைச் சந்தாவுக்கு இவ்வளவு என்னும் கூலிக்கு விற்கச் சொல்லி ஒருவரை அனுப்பும்போது, நாம் செய்வதும் அதே ஏற்பாட்டைத்தான் அன்றோ?

சிறிய இதழுக்கு ஏது பணம் என்பது உண்மையான கேள்வி. காகித விலையும் அச்சுக்கூலியும் அஞ்சல் செலவும் யாவரும் அறிந்தவையே. பணமில்லையெனில் பக்கங்களைக் குறைக்கலாம். மலரின் வண்ண அட்டையைக் கைவிடலாம். எவருடைய விளம்பரத்தை ஏற்போம், எவருடையதை ஏற்கமாட்டோம் என்பதை ஆசிரியர் குழு கூடி எழுத்தில் வைக்கலாம். அவ்வாறு வைத்தால் ஆலை வாசலில் நிற்பவர் அந்தத் தாளைக் காட்டிவிட்டுத் தலைநிமிர்ந்து திரும்ப முடியும், மறுத்ததற்காக அவர் கூலியும் குறையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆசிரியரே அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வாணியம்பாடிப் பேருந்தில் ஏறினால் இன்னும் நன்று. வாசகராகிய நமக்கும் இதில் பங்குண்டு. சந்தா முடிந்து எட்டு மாதம் ஆகியிருக்கும். ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் அவர் நம்மை நோக்கி வரும்போது, "அடுத்த வாரம் பார்க்கலாமே" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புகிறோம். அவர் அடுத்த வாரமும் வருவார், தம் கைக்காசில் பேருந்துக் கட்டணம் கொடுத்து.