வீட்டு வாடகையும் நியாயமும்: ஓர் அறவியல் நோக்கு

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றையும் மனிதனது அடிப்படைத் தேவைகளென வகுத்துக் கூறுதல் மரபு. இவற்றுள் உறையுள் ஏனைய இரண்டினின்றும் ஒரு வகையில் வேறுபடுகின்றது. விலைகொடுத்து வாங்கிய அரிசியும் துணியும் வாங்கியவருக்கே உரியனவாகிவிடுகின்றன. உறையுளோ பிறருக்கு உரியதாய் இருக்க, ஒருவர் அதனுள்ளே தமது வாழ்வு முழுவதையும் நடத்துதல் கூடும். சமைப்பதும், பிள்ளை வளர்ப்பதும், நோயுற்றுக் கிடப்பதும் இன்னொருவரது கூரையின்கீழ் நிகழ்கின்றன. இதற்காக மாதந்தோறும் கொடுக்கப்படும் பணத்தையே வாடகை என்கின்றோம். அப்பணம் எவ்வளவாக இருத்தல் தகும் என்பது பொருளியலாளர் மாத்திரம் விடைகூறத்தக்க வினாவன்று. அஃது ஓர் அறவினாவுமாகும். மட்டக்களப்பு நகரை முன்வைத்து அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பின் அமைப்பை அறிந்தோர்க்கு, இங்கு வீட்டுநிலம் அரிதாவதன் காரணம் எளிதில் விளங்கும். நகரின் மையமாகிய புளியந்தீவு, பெயருக்கேற்ப வாவி சூழ்ந்த நிலமாகும். கல்லடிப் பாலத்தைக் கடந்தால், வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்பரப்பிலே கல்லடி முதலான ஊர்கள் நெருங்கி அமைந்துள்ளன. நிலம் விரிந்து கிடப்பது வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலாகும். அரச அலுவலகங்களும், போதனா வைத்தியசாலையும், பெயர்பெற்ற பாடசாலைகளும் நகரப் பக்கத்திலேயே உள்ளன. ஆகவே, பிள்ளைகளின் படிப்பையோ தொழிலையோ நாடி நகருக்கு வருவோர் பெருக, வீடுகள் அதற்கேற்பப் பெருகுவதில்லை. நிலத்துக்குக் கிடைக்கும் வாடகை உரிமையாளரின் உழைப்புக்கான ஊதியமன்று, நிலத்தின் அருமையினால் விளைவது என்று டேவிட் றிக்காடோ 1817இல் விளக்கினார். அவர் விளைநிலத்தை எண்ணியே அதனைக் கூறினாராயினும், வாவி சூழ்ந்த ஒரு சிறு நகரின் வீட்டு வளவுக்கும் அக்கூற்றுப் பொருந்துவதாகும்.

எனினும், இங்கு வாடகை பெறுவோர் யாவரையும் பெருஞ்செல்வர் எனக் கருதுதல் தவறாகும். தாய்வழி மரபு வேரூன்றிய மட்டக்களப்பிலே, தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடத்தும், வீடு மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுகின்றது. மணமகன் மணமகள் வீட்டுக்கு வருகின்றான். மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர் அதே வளவில் அல்லது அயலில் ஒரு சிறு வீட்டுக்கு ஒதுங்கி, அடுத்த மகளுக்கு வீடுகட்ட முயல்கின்றனர். மகள் வளரும்வரை அவளுக்கென வைத்த வீட்டை வாடகைக்கு விடுவதும், அவ்வாடகையைக் கொண்டே இளைய மகளின் வீட்டுக்கு அத்திவாரம் இடுவதும் இங்கு அரிதல்ல. ஆகவே, இந்நகரில் வாடகை என்பது பல வேளைகளில் ஒரு தாய் தன் மகளுக்காகச் சேர்க்கும் கல்லும் சீமெந்துமாகும். இதனை மனங்கொள்ளாது வாடகையின் நியாயத்தைப் பேசுதல் ஒருதலைப்பட்சமாகும்.

என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கு எடுத்துக்காட்டுதல் பொருத்தமாகும். கல்லடியில் வாழும் என் பெரியம்மா இளமையிலேயே கணவனை இழந்தவர். இரு பெண்பிள்ளைகளின் தாய். மூத்த மகளுக்கென இருந்த கல்வீட்டை 1999ஆம் ஆண்டு படுவான்கரையைச் சேர்ந்த ஓர் ஆசிரியருக்கு வாடகைக்கு விட்டு, தாம் பிள்ளைகளுடன் பின்வளவில் ஓர் ஓலைவீட்டில் இருந்தார். ஆசிரியர் மாதம் தவறாது வாடகை கொடுத்தார். அவரது மனைவி வைத்த தென்னம்பிள்ளைகள் இன்று காய்க்கின்றன. 2004 திசெம்பர் 26இல் கடல்கோள் வந்தது. நாவலடியும் கல்லடியின் கடலோரமும் அழிந்தன. வீடிழந்தோர் ஒருபுறமும், நிவாரணப் பணிக்கென வந்த நிறுவனங்கள் மறுபுறமுமாக நகரில் எஞ்சிய வீடுகளைத் தேடலாயினர். 2005இன் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தார் பெரியம்மாவின் வீட்டுக்கு மும்மடங்கு வாடகை தர முன்வந்தனர். அத்தொகையைத் தரவேண்டும், இன்றேல் ஒரு மாதத்தில் வீட்டை விடவேண்டும் என்று ஆசிரியருக்குக் கூறப்பட்டது. அவர் வீட்டை விட்டார். நிறுவனம் மூன்றாண்டுகள் இருந்தது. அப்பணத்திலே இளைய மகளின் வீடு எழுந்தது. பல்கலைக்கழகக் கல்வியின்பொருட்டு அவ்வீட்டின் ஓர் அறையிலே தங்கியிருக்கும் யான், இக்கட்டுரையையும் அங்கிருந்தே எழுதுகின்றேன்.

பெரியம்மா செய்தது தவறா? அவர் சார்பில் இரு நியாயங்களைக் கூறலாம். முதலாவது, அவர் எவரையும் ஏமாற்றவில்லை. வீடு அவருடையது, சந்தையில் அதற்குக் கிடைத்த விலையையே அவர் கேட்டார். இரண்டாவது, தந்தையற்ற ஒரு பெண்ணுக்கு வீடு அமைத்தல் அவரது கடமை. அயலாரின் நலத்துக்காகத் தன் மகளைக் கூரையற்றவளாக விடும் தாயை ஊர் போற்றாது.

முதலாவது நியாயத்தை முதற்கண் நோக்குவோம். வாவியில் மீன்பாடு குறைந்த நாளில் மீன்விலை ஏறுகின்றது. அதனை எவரும் அநீதி என்பதில்லை. மீன் வாங்க இயலாதவர் அன்று கீரையோடு உண்டு மறுநாளும் சந்தைக்கு வருவார். வாடகைக் குடியிருப்பாளரோ அவ்வாறு ஒருநாள் வீடின்றி இருந்துவிட்டு மறுநாள் பேரம்பேச வருதல் இயலாது. அவரது பிள்ளை அருகிலுள்ள பாடசாலையிற் படிக்கின்றது. முதிய தாய் அருகிலுள்ள வைத்தியசாலையிலே மருந்தெடுக்கின்றார். ஓரிடத்தில் எவ்வளவு காலம் வாழ்கின்றாரோ அவ்வளவுக்கு அவ்விடத்தை விட்டு நீங்குதல் அவருக்கு அரிதாகின்றது. எனவே, இருவரும் உடன்பட்டனர் என்பதனால் மாத்திரம் அவ்வுடன்பாடு நியாயமானதாகிவிடாது. மறுக்க இயலாதவரின் சம்மதம் முழுமையான சம்மதமன்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே வாழ்ந்த தோமஸ் அக்குவைனாஸ் என்னும் மெய்யியலாளர் நியாய விலை பற்றி ஆராய்கையில், இவ்விடத்துக்கு மிகவும் பொருந்தும் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். ஒரு பொருளைக் கொடுப்பதனால் விற்பவருக்கு நட்டம் ஏற்படுமாயின், அந்நட்டத்தையும் விலையிற் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். வாங்குபவருக்கு அப்பொருள் பெரிதும் தேவைப்படுகின்றது என்பதற்காக விலையை ஏற்றுதல் கூடாது என்றார். ஏனெனில், அத்தேவை வாங்குபவருக்கு உரியது. தமக்கு உரியதல்லாத ஒன்றை எவரும் விற்றல் தகாது.

இவ்வேறுபாடு நம் காலத்துக்கும் துணைசெய்கின்றது. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியிற் சிக்கியபோது, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி செப்டெம்பர் மாதப் பணவீக்கம் நூற்றுக்கு 70 வீதத்தை அண்மித்தது. சீமெந்தும் கம்பியும் மருந்தும் விலையேறிய அவ்வேளையில், வாடகையை மட்டும் ஏற்றாதிருக்கும்படி ஒரு விதவைத் தாயைக் கேட்டல் நீதியாகாது. அவரது நட்டம் உண்மையானது. வேறு இடமறியாத மாணவர் புதிதாய் வருகின்றனர் என்பதற்காகவே வந்தாறுமூலை, செங்கலடிப் பகுதிகளில் ஓர் அறையில் நால்வரை இருத்தி, தலைக்கொரு வாடகை கேட்பாராயின், அங்கு விற்கப்படுவது அறையன்று. மாணவரின் இக்கட்டே விற்கப்படுகின்றது. தொகை இரண்டிடத்தும் ஒன்றாகவே இருக்கலாம். அதன் காரணமே நியாயத்தையும் அநியாயத்தையும் பிரிக்கின்றது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். பெரியம்மா பழைய வாடகைக்கே வீட்டை விட்டிருந்தால், மும்மடங்குப் பணத்தை இழந்திருப்பார். அதுவும் நட்டமன்றோ? இது வலுவான தடையே. நிறுவனத்திடம் அவர் கூடிய வாடகை பெற்றது அந்நிறுவனத்துக்கு இழைத்த அநீதியன்று. கொடுக்கும் வசதி அதற்கு இருந்தது. ஆனால், அந்த மேலதிகப் பணம் கடல்கோள் வருமுன் எங்கும் இருக்கவில்லை. ஊரின் அழிவே அதனைத் தோற்றுவித்தது. அதனைப் பெறாது விடுதல் ஓர் ஊதியத்தைத் தவறவிடுதலாகுமேயன்றி, கையிலிருந்த ஒன்றை இழத்தலாகாது. ஆசிரியர் குடும்பம் இழந்ததோ கையிலிருந்த வாழ்வையாகும். மேலும், ஆறாண்டுகளாக அக்குடும்பத்தின் வாடகையிலேயே பெரியம்மாவின் அடுப்பு எரிந்தது. அத்தகைய உறவில், கொடுக்கல் வாங்கலுக்கு அப்பாற்பட்ட ஒரு கடப்பாடு விளைந்துவிடுகின்றது. அக்கடப்பாடு, வீட்டை என்றென்றைக்கும் அவர்களுக்கே விட்டுவிடவேண்டும் என்பதன்று. அவர்களுக்குத் தக்க கால அவகாசம் கொடுக்கவேண்டும் என்பதே. வீடுகள் அழிந்து கிடந்த ஒரு நகரில் ஒரு மாதம் அவகாசமாகாது. மகளுக்கான கடமை என்னும் இரண்டாவது நியாயமும், வீடு ஓராண்டு பிந்தி எழுவதனால் அழிந்துவிடக்கூடியதன்று.

இத்தகைய இன்னல்களைச் சட்டத்தினால் தீர்க்க நம் நாடு முயன்றதுண்டு. 1948ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், அதன்பின் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் வாடகைக்கு வரம்பு கட்டி, குடியிருப்பாளரை எளிதில் வெளியேற்ற முடியாதவாறு தடுத்தன. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும், ஒருமுறை வாடகைக்கு விட்ட வீடு திரும்பக் கிடையாது என்னும் அச்சம் சிறு உரிமையாளரையும் பற்றிக்கொண்டது. மகளின் சீதனவீட்டை விட்டுவிட்டு, அவளது திருமணக் காலத்தில் வழக்குமன்றம் ஏற எந்தத் தாய் துணிவாள்? 1977இலும் 1980இலும் வந்த திருத்தங்கள் சில வகை வீடுகளை அச்சட்டத்தினின்றும் விடுவித்தன. அதனால் உரிமையாளரின் அச்சம் குறைந்தது. குடியிருப்பாளரின் அச்சம் கூடிற்று. சட்டம் ஒரு பக்கத்தின் அச்சத்தை மறுபக்கத்துக்கு மாற்றவல்லது. இரு பக்கத்தின் அச்சத்தையும் ஒருங்கே தணிப்பதற்கு, சட்டத்தோடு மனிதரின் நீதியுணர்வும் சேரவேண்டும்.

அந்நீதியுணர்வு வேண்டிநிற்பவை அரியனவல்ல. வாடகையை ஏற்றுமுன், இது என் செலவினால் விளைந்த ஏற்றமா, அன்றி மற்றவர் போக்கிடமின்றி நிற்பதனால் விளைந்த ஏற்றமா என உரிமையாளர் தம்மைத் தாமே வினவுதல் ஒன்று. வெளியேறும்படி கேட்குமிடத்து, நாட்காட்டியை மாத்திரம் நோக்காது, அக்குடும்பம் வேறிடம் தேடிக்கொள்ள ஆகும் காலத்தையும் நோக்குதல் மற்றொன்று. குடியிருப்பாளருக்கும் கடமையுண்டு. உரிமையாளரின் மகளுக்கு வீடு தேவைப்படும் நாளில், சட்டத்தின் இடுக்கில் ஒளிந்துகொண்டு வீட்டைப் பற்றிநிற்றலும் பிறரது இக்கட்டை விற்றலே.

நிறுவனம் சென்றபின் பெரியம்மாவின் கல்வீடு பல மாதங்கள் பூட்டிக் கிடந்தது. ஆசிரியர் குடும்பம் எங்கு சென்றதென அவர் பின்னர் விசாரித்தும் அறியமுடியவில்லை. அவர்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றே: “ஒரு வார்த்த ஏசல்ல, மனே. ஏசியிருந்தா எனக்கு இவ்வளவு நோகாது.” தாம் செய்தது சந்தை வழக்கப்படி சரியென்பதை அவர் அறிவார், ஆயினும் அது போதாதென்பதையும் அறிவார். அவரைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை. அவ்வெளியேற்றத்தினால் எழுந்த கூரையின்கீழ் இருந்தே யான் பட்டப்படிப்பைப் படிக்கின்றேன்.

இன்று வாடகை அறைகளில் இருந்து கற்கும் நம்மிற் பலர், நாளை தொழில்பெற்று வீடுகட்டி, அவ்வீட்டை வாடகைக்கும் விடுவோம். அன்று ஒருவர் முற்பணத்தோடு நம் வாயிலில் வந்து நிற்பார். அவரிடம் நாம் கேட்கும் தொகை நம் வீட்டின் விலையாக இருக்கட்டும். அவரது இக்கட்டின் விலையாக இருத்தலாகாது.