யாருடைய ஆறுதல்?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் கீழ்பென்னாத்தூர். அங்கே ஒரு துக்க வீட்டில் சில மணி நேரம் அமர்ந்திருக்கும் நிலை நமக்கு ஏற்பட்டது. வளர்ந்த மகனைப் பறிகொடுத்த தாய் சுவரில் சாய்ந்து கிடந்தார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் விவிலியத்திலிருந்து ஏதேனும் ஒரு சொல்லைக் கூறி, "அழாதீங்கம்மா" என்று தேற்றினர். பெற்ற தாயே மறந்தாலும் தாம் மறப்பதில்லை என எசாயா வழியாக ஆண்டவர் தந்த உறுதியை ஒருவர் நினைவூட்டினார். அந்தத் தாய் மெல்லத் தலை நிமிர்ந்தார். "மறக்கலன்னா எம்புள்ள எங்கய்யா?" என்று கேட்டார். அங்கிருந்த எவரிடமும் விடை இல்லை, நம்மிடமும் இல்லை.

அந்தக் கேள்வி அன்று முதல் நம்மைவிட்டு அகலவில்லை. விவிலியத்தை வாசித்தால் இறையன்பையும் ஆறுதலையும் கண்டடையலாம் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அந்த ஆறுதல் உண்மையிலேயே இறைவனிடமிருந்து வருகிறதா? அல்லது நொந்துபோன மனம் தனக்குப் பிடித்த வரிகளைப் பொறுக்கி எடுத்துத் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறதா? நம்பிக்கையாளர் இக்கேள்விக்கு அஞ்சத் தேவையில்லை. இதற்கு விடை காணாமல் பிறருக்கு ஆறுதல் கூற முனைவதுதான் அஞ்சத்தக்கது.

அழுகைக்கு இடம் தரும் நூல்

அன்று துக்க வீட்டில் எடுத்துரைக்கப்பட்ட பகுதியை மீண்டும் வாசித்துப் பார்த்தோம். தாயின் அன்பைப் பற்றிய அச்சொல் எசாயா நூலில் தனித்து நிற்கவில்லை. அதற்கு முந்திய வசனத்தில், ஆண்டவர் தன்னைக் கைவிட்டுவிட்டார், மறந்தேவிட்டார் என்று சீயோன் முறையிடுகிறது (எசா 49:14). எருசலேம் இடிந்து, கோவில் எரிந்து, பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட ஒரு மக்களின் கதறல் அது. அந்தக் கதறலுக்கு மறுமொழியாகவே அன்பின் சொல் பிறக்கிறது. நாமோ மறுமொழியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போனோம். முறையீட்டைப் பின்னால் விட்டுவிட்டோம். அந்தத் தாய் கேட்டது அவநம்பிக்கையின் கேள்வி அன்று. நாம் விட்டுவந்த அந்த வசனத்தையே அவர் தம் பேச்சு மொழியில் நமக்கு வாசித்துக் காட்டினார்!

விவிலியம் துயரத்தை மூடி மறைப்பதில்லை. திருப்பாடல்களில் எண்பத்தெட்டாவது பாடல் இருளிலேயே தொடங்கி, விடியல் எதையும் காட்டாமல் இருளிலேயே முடிகிறது. ஆயினும் திருச்சபை அதை இன்றும் தன் இறைவேண்டலில் வைத்திருக்கிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தனர். அதுவே அவர்கள் செய்த நற்பணி. வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபின் சுமையானார்கள். நூலின் இறுதியில் ஆண்டவர் சினந்துகொண்டது அந்த விளக்கக்காரர்கள்மீதே. முறையிட்ட யோபுவின்மீது அன்று. மனம் தானே புனைந்துகொள்ளும் ஆறுதல் அழுகையை விரைவில் அடக்கப் பார்க்கும். இறைவன் தரும் ஆறுதலோ முதலில் அழுகைக்குச் சொற்களைத் தருகிறது.

கேளாததையும் சொல்லும் குரல்

எம்மாவுக்குச் சென்ற இரு சீடரின் வழிப்பயணத்தை எண்ணிப் பார்ப்போம் (லூக் 24). உயிர்த்த ஆண்டவர் எடுத்தவுடன் மறைநூலை விளக்கவில்லை. என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டு, அவர்களுடைய ஏமாற்றம் முழுவதையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறார். அதன்பின் மந்த உள்ளத்தினர் என்று கடிந்துகொள்கிறார். அதற்குப் பின்னரே மறைநூல் திறக்கப்படுகிறது, அப்பம் பிட்கப்படுகிறது. நாமே நமக்குச் சொல்லிக்கொள்ளும் தேறுதலில் கடிந்துரைக்கு இடம் இருக்குமா? கி.பி. 386இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் கலங்கி நின்ற புனித அகுஸ்தீன், மறைநூலைத் திறந்தபோது கண்டது இனிக்கும் சொல்லை அன்று. பழைய வாழ்வைக் களையுமாறு உரோமையருக்குப் பவுல் எழுதிய கண்டிப்பையே. அதிலேதான் அவர் அமைதி கண்டார். நாம் கேட்க விரும்பாததையும் சொல்கிறது என்பதே, பேசுபவர் நாமல்லர், வேறொருவர் என்பதற்குச் சான்று அன்றோ?

எழுந்து செல்லும் கால்கள்

எம்மாவு நிகழ்ச்சி உணவு மேசையோடு முடிந்துவிடவில்லை. அந்நேரமே சீடர்கள் எழுந்து, ஏறத்தாழ 11 கிலோமீட்டர் இருட்டில் நடந்து எருசலேமுக்குத் திரும்பினார்கள். கடவுள் நம்மைத் தேற்றுவது, துன்புறும் பிறரை நாம் தேற்றுவதற்கே என்கிறார் பவுல் (2 கொரி 1:4). அறைக்குள் நம்மோடு அடங்கிப்போகும் ஆறுதல் ஐயத்திற்குரியது. அடுத்தவர் வாசலுக்கு நம்மை நடத்திச் செல்லும் ஆறுதலை நம்பலாம்.

இப்படி முழுமையாக வாசிப்பதற்கு நமக்கு இன்று தடையில்லை. நம் பாட்டன் பாட்டியருள் பலருக்கு மறைநூல் கோவிலில் காதால் கேட்பதாகவே இருந்தது. 1965 நவம்பர் 18இல் வெளிவந்த இறைவெளிப்பாடு பற்றிய வத்திக்கான் சங்க ஏடு, நம்பிக்கையாளர் அனைவருக்கும் மறைநூல் எளிதில் கிடைக்க வேண்டும் என்றது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் 1995இல் தமிழில் வெளிவந்தது. அப்பணியைத் தாங்கி நின்ற தமிழக விவிலிய நடுநிலையம் இருப்பது, கீழ்பென்னாத்தூர்ச் சாலை சென்று சேரும் அதே திண்டிவனத்தில்தான். நூல் நம் வீட்டுக்கு வந்துவிட்டது. அதைத் துக்க வீட்டுக்கு எப்படி எடுத்துச் செல்வது என்பதை நாம் இன்னும் கற்கவேண்டியுள்ளது.

அந்தத் தாயைச் சில வாரங்களுக்குப்பின் மீண்டும் கண்டோம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முன்பு தானும் ஒரு பிள்ளையை அடக்கம் செய்த பக்கத்து வீட்டுப் பெண் மாலைதோறும் வந்து அருகில் அமர்வாராம். ஒரு நாள் அவருடைய மகள் எண்பத்தெட்டாம் திருப்பாடலை வாசித்தாளாம். "பைபிள்ல இப்படியும் எழுதியிருக்கா?" என்று வியந்த தாய், மறுபடியும் வாசிக்கச் சொன்னாராம். அவருடைய துயரம் தீர்ந்துவிட்டதென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் தம் கேள்வியோடு தாம் வெளியே தள்ளப்படவில்லை என்பதை அவர் அறிந்துகொண்டார்.

கார்த்திகைத் தீப நாளில் அண்ணாமலை உச்சியில் ஏற்றும் சுடர் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் தெரியும். திருப்பாடல் ஆசிரியரோ இறைவார்த்தையைக் காலடிக்கு ஒளிதரும் விளக்காகவே கண்டார் (திபா 119:105). கைவிளக்கு வழி முழுவதையும் காட்டாது. அடுத்த அடியை மட்டும் காட்டும். அதைப் பிடித்துக்கொண்டு அருகில் நடக்க ஒருவர் வேண்டும். இன்று மாலை நாம் எவர் வீட்டு வாசலுக்கு அந்த விளக்கை எடுத்துச் செல்லப் போகிறோம்?