பாட்டனார் பெருமையும் பாட்டனார் கடனும்

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்பது நம் நாட்டுப் பழமொழி. ஊற்றைத் தேடிப் போனால் சேற்றிலும் கால் வைக்க நேரும் என்று அஞ்சித்தான் பெரியோர் அப்படிச் சொல்லி வைத்தார்கள் போலும். ஆனால் இப்போது சிங்கப்பூரில் நம்மவர் வீடுகளில் நடப்பது இதற்கு நேர் மாறாக இருக்கிறது. பிள்ளைகள் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, நம் பாட்டனாரின் வாப்பா யார், அவர் எந்த வருஷம் கப்பலேறினார், யுத்தத்தில் எந்தப் படையில் இருந்தார் என்றெல்லாம் கேட்கிறார்கள். கேட்பது நல்லதே. எதற்காகக் கேட்கிறோம், கிடைத்ததை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே நம் எண்ணம். பெரிய படிப்பு ஏதும் நமக்கில்லை. ஊரில் மதரஸாவும் ஆரம்பப் பாடசாலையும். மற்றதெல்லாம் தேக்காவில் கல்லாவுக்குப் பின்னால் நின்று கற்றது. குறை இருந்தால் வாசக நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

நம் வீட்டுச் சுவரில் ஒரு பழைய படம் உண்டு. நம் பாட்டனாருடைய தமையனாரின் படம். "இவர் நேதாஜி படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர், திரும்பவில்லை" என்று வாப்பா விருந்தினருக்குச் சொல்லுவார். நாமும் அப்படியே சொல்லி வந்தோம். சொல்லும்போது நெஞ்சு சற்று நிமிரும் என்பதை மறைப்பானேன்?

அந்தச் சரித்திரம் நம் கடைக்கு வெகு அருகில் தொடங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. இரண்டு நாள் கழித்து, பேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். கேப்டன் மோகன் சிங் தலைமையில் எழுந்த முதல் படை அந்த வருஷ டிசம்பரிலேயே கலைந்தது. 1943-ல் நேதாஜி வந்தார். ஜூலை 5-ல் பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். அக்டோபர் 21-ல் கத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசைப் பிரகடனம் செய்தார். அவ்வரசின் ஆலோசகர்களில் ஒருவர் நம் தமிழ் முஸ்லிமான கரீம் கனி. துப்பாக்கியைத் தொட்டறியாத தோட்டத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் படையில் சேர்ந்தது அப்போதுதான். நம் பெரிய பாட்டனாரும் அவர்களில் ஒருவர் என்பதே வீட்டுக் கதை.

தம்பியின் மகன் கல்லூரி மாணவன். அவன் ஒரு நாள், "பெரியத்தா, கதை போதாது, ஆதாரம் வேண்டும்" என்றான். இருவருமாகக் கிராஞ்சிக்குப் போனோம். அங்குள்ள தூண்களில், கல்லறை அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. முகம்மது, இப்ராகீம், அப்துல் என்று நம் பெயர்களே வரிசை வரிசையாக நிற்பதைக் கண்டு கண் கலங்கியது. ஆனால் அவர்கள் காமன்வெல்த் படைகளில் மாண்டவர்கள். எதிர் அணியில் நின்றவரை அங்கே தேடுவது, ஒரு கடைக் கணக்கை எதிர்க் கடைப் பேரேட்டில் தேடுவது போலத்தான்.

ஆதாரம் கிடைப்பது எல்லோருக்கும் ஒன்று போல இல்லை. முதல் உலக யுத்தத்தில் சேர்ந்த பஞ்சாபியர் 3,20,000 பேரின் விவரம் லாகூர் அருங்காட்சியகத்துப் பதிவேடுகளில் ஊர் வாரியாகக் கிடந்தது. 2021 முதல் அது பொதுமக்கள் பார்வைக்கு வரத் தொடங்கியது. நம் தமிழ் ஜில்லாக்களிலோ, இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் யுத்தத்துக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று தொகை மட்டும் பொறித்த சலவைக்கல்லை ஊர்ச் சுவர்களில் காணலாம். தொகை உண்டு, பெயர் இல்லை. நேதாஜி படையின் காகிதங்களோ 1945-ல் பெரும்பாலும் எரிந்து போயின. எஸ்பிளனேடில் 1945 ஜூலை 8-ல் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தையும், பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் தகர்த்தார்கள். அதில் இருந்தவை மூன்று சொற்கள்: இத்திபாக், இத்திமாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று மதரஸாப் பிள்ளைக்கும் விளங்கும் சொற்கள். அவ்விடத்தில் 1995-ல் ஒரு குறிப்புப் பலகை வைத்தார்கள்.

கல்லிலே கிடைக்காதது கடைசியில் தகரப் பெட்டியிலே கிடைத்தது. வாப்பா வைத்துவிட்டுப் போன பெட்டியின் அடியில் 1941-ம் வருஷத்துப் பேரேடு ஒன்றும், அதனுள் மடித்த கடிதம் ஒன்றும் இருந்தன. எழுத்தைப் பார்த்துப் பையன் அரபு என்று நினைத்தான். அது அரபுத் தமிழ். பட்டம் பெறப் போகிற பிள்ளைக்குப் படிக்கத் தெரியாததை உஸ்தாதிடம் அடி வாங்கிய நாம் படித்துச் சொன்னோம். ஹிஜ்ரி 1363 ரஜப், அதாவது 1944-ன் நடுப்பகுதி. பெரிய பாட்டனார் பயிற்சி முகாமிலிருந்து எழுதியிருக்கிறார். படையோடு வடக்கே புறப்படுவதாகவும், கடையில் தம் பாதியின் லாபத்தை ஊரில் இருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் அனுப்பி வரும்படியும், தாம் திரும்பாவிட்டால் ஷரீஅத்துப்படி பங்கைச் சேர்த்துவிடும்படியும் தம்பிக்குச் சொல்லியிருக்கிறார்.

நாம் தேடிய ஆதாரம் கையில் இருந்தது. ஆனால் அதைப் பிடித்த கை நடுங்கியது. ஏனென்றால் 1941 பேரேட்டில் சகோதரர் இருவருக்கும் சரிபாதி என்று தெளிவாக எழுதியிருக்கிறது. யுத்தத்துக்குப் பிந்திய பேரேட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது. அந்த மனைவிக்கோ மகளுக்கோ பங்கு கொடுத்ததாக எங்கும் ஒரு வரி இல்லை. படத்தைச் சுவரில் மாட்டினோம். பங்கைப் பெட்டியில் பூட்டினோம்.

பாட்டனாரைக் குற்றவாளியாக்க நாம் துணியவில்லை. காணாமற்போனவரின் சொத்தை, அவர் இறந்தார் என்று தீர்ப்பாகும் வரை பங்கிடலாகாது என்பது மார்க்கச் சட்டம். அண்ணன் வந்துவிடுவார் என்று அவர் காத்திருந்திருக்கலாம். காத்திருந்தபடியே 1961-ல் மவுத்தாகியிருக்கலாம். வாப்பா அப்போது சிறு பிள்ளை; அவருக்கு விஷயம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் நமக்கு இப்போது தெரியும். கேள்வி அங்கேதான் பிறக்கிறது: முன்னோர் பெருமையை ஏற்றுக்கொள்கிறவன் முன்னோர் கடனையும் ஏற்க வேண்டுமா?

தம்பி சொன்னார்: "எண்பது வருஷம் ஆயிற்று. கடை மூன்று இடம் மாறிவிட்டது. இன்று இருப்பது வாப்பாவின் வியர்வையும் நம் வியர்வையும். ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது நம் மார்க்கம்தானே?" இது அலட்சியமாகத் தள்ளக்கூடிய வாதமல்ல. பாட்டனார் தவறு செய்திருந்தால் அந்தப் பாவம் நம் தலையில் ஏறாது என்பது உண்மை. ஆனால் அதே நியாயப்படி, பெரிய பாட்டனாரின் வீரமும் நம் தலையில் ஏறாது. அவர் நடந்த மலையில் நம் கால் நடக்கவில்லை. அவர் கிடந்த பசியில் நம் வயிறு வாடவில்லை. சுமையை மறுக்கிறவர் மாலையையும் கழற்றி வைக்க வேண்டும். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விடுவது கணக்காகாது.

வியாபாரிகளாகிய நமக்கு இது புதிதா? ஓடிக்கொண்டிருக்கிற கடையைப் பெயர்ப் பலகையோடு ஒருவர் வாங்குகிறார். பழைய வாடிக்கையாளர் வேண்டும், பழைய நல்ல பெயர் வேண்டும், மொத்த வியாபாரிக்குப் பழைய முதலாளி வைத்த பாக்கி மட்டும் வேண்டாம் என்றால் கடைத்தெரு அவரை எப்படி மதிக்கும்? வரவுப் பக்கம் மட்டும் எழுதிப் பற்றுப் பக்கத்தைக் கிழித்த பேரேடு பேரேடல்ல.

பாவமும் பொருளும் வேறு வேறு என்பதையும் பார்க்க வேண்டும். பாவம் வாரிசுக்கு இறங்காது, பொருள் இறங்குகிறது. இறந்தவர் கடனைத் தீர்த்த பிறகே மீதி வாரிசுகளுக்கு என்பது மதரஸாவில் பராயிள் பாடத்தின் முதல் படி. பெரிய பாட்டனாருக்கு ஆண் பிள்ளை இல்லை. பெற்றோரும் முன்னரே போய்விட்டார்கள். ஆகவே அவருடைய பாதியை எட்டாகப் போட்டால் மனைவிக்கு 1, மகளுக்கு 4, மீதி 3 தம்பியாகிய நம் பாட்டனாருக்கு. அந்த 3 நமது. மற்ற 5 என்றைக்குமே நம்முடையதாக இருந்ததில்லை. அதைக் கொடுப்பது தியாகமல்ல, பரிகாரமுமல்ல. அடுத்த வீட்டுச் சட்டி நம் அடுப்பங்கரையில் கிடந்தால் திருப்பிக் கொடுக்கிறோமே, அவ்வளவுதான்.

இன்னொன்றும் நமக்கு விளங்கிற்று. அரசு மாறினால் பெருமையின் நிறமும் மாறுகிறது. 1945-ல் இந்தப் படையில் இருந்தவர் பிரிட்டிஷ் சர்க்காருக்குத் துரோகி. அந்த வருஷம் நவம்பரில் செங்கோட்டையில் ஷாநவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீதும் வழக்கு நடந்தது. ஆயுள் தண்டனை சொல்லி 1946 ஜனவரியில் அதை விலக்கினார்கள். 1972-ல் அதே படையினருக்கு இந்திய அரசு தியாகிகள் பென்ஷன் ஏற்படுத்தியது. காகிதம் காட்ட முடிந்தவருக்குக் கிடைத்தது, முடியாதவர் பலர் வெறுங்கையோடு திரும்பினர். துரோகி, தியாகி என்று பெயர் எத்தனை முறை மாறினாலும், எட்டில் ஐந்து பங்கு எட்டில் ஐந்தாகவே நின்றது. எந்தக் கொடி பறந்தாலும் மாறாத ஒன்றைப் பிடித்துக்கொள்வதே நமக்குப் பாதுகாப்பு.

தொகை எவ்வளவு என்பதில் திகைத்தோம். ஜப்பானிய வாழைமர நோட்டு 1945-லேயே செல்லாக் காசாயிற்று. யுத்தத்துக்கு முந்திய டாலரும் இன்றைய டாலரும் ஒன்றல்ல. கடைசியில் பேரேடே வழி காட்டியது. 1941 சரக்கிருப்பில் அரிசி இத்தனை மூட்டை, மிளகாய் இத்தனை, பருப்பு இத்தனை என்று எழுதியிருந்தது. நோட்டு மாறும், மூட்டை மாறாது. அந்தச் சரக்குக்கு இன்றைய விலை போட்டுப் பாதியாக்கி, அதில் எட்டில் ஐந்தை எடுத்தோம். ஆலிம் ஒருவரும் வியாபாரப் பெரியவர் இருவரும் பார்த்துச் சரி என்றார்கள். தம்பி இன்னும் இசையவில்லை. அவர் பாகத்தை அவர் மனத்துக்கு விட்டுவிட்டு, நம் பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனோம்.

போகும்போது பையனும் வந்தான். பெரிய பாட்டனாரின் மகள் காலமாகிவிட்டார். அவருடைய மகள், முறைக்கு நமக்கு மதினி, அறுபது கடந்தவர், பள்ளிவாசல் தெருவுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் இருக்கிறார். பெருநாளுக்குப் பெருநாள் அவ்வீட்டுக்குச் சேலை கொடுத்தனுப்புவது நம் வீட்டு வழக்கம். "தூரத்து உறவு, கஷ்டப்படுகிறவர்கள்" என்று உம்மா சொல்லுவார். எந்த வழியில் உறவு என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. நாம் தர்மம் என்று கொடுத்து வந்தது, அவர்களுக்குச் சேர வேண்டியதில் ஒரு துளி என்பதை அந்தத் திண்ணையில் உட்கார்ந்தபோது எண்ணித் தலை குனிந்தோம்.

கடிதத்தை வாசித்துக் காட்டினோம். தொகையைச் சொன்னோம். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "காசு இருக்கட்டும் தம்பி. எங்க உம்மாவோட வாப்பாவை எங்கே அடக்கினாங்க?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, பிரதி ஒன்றை நாம் வைத்துக்கொண்டோம்.

சகோதரர்களே, வம்சத்தை அறிந்துகொள்வது உறவைச் சேர்த்து வாழ்வதற்காக என்றே நமக்குப் பெரியோர் கற்பித்தார்கள். மார் தட்ட அல்ல. ஆகவே தேடுங்கள், தாராளமாகத் தேடுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வாப்பா பெயரின் முதலெழுத்தே நம் அடையாளம். காதர் என்ற ஒரே பெயரைக் குமாஸ்தாக்கள் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதி வைத்தார்கள். ஆதலால் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடும்போது எல்லா விதமாகவும் எழுதிப் பாருங்கள். சில பெயர்களோடு தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தில் பெரியவர்களின் வாய்மொழிப் பதிவுகள் தமிழிலும் உண்டு. நிக்காஹ் பதிவையும் ஜமாஅத் புத்தகத்தையும் பழைய சிட்டையையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கபுரை நம்பி இருக்கவும் இந்த ஊரில் வழியில்லை: நம் பாட்டனாரை அடக்கிய பிடாதாரி மையவாடி 1972-ல் மூடப்பட்டது, பிறகு கபுருகளைத் தோண்டிச் சுவா சூ காங்கிற்கு மாற்றினார்கள்.

கிடைத்ததில் பெருமையானது இருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாக்கி இருந்தால் அதையும் சொல்லுங்கள். நம் வீட்டில் அந்தப் படம் இப்போதும் சுவரில் இருக்கிறது. அதன் கீழே பேரேட்டின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துப் பையன் ஒட்டி வைத்திருக்கிறான். விருந்தினர் கேட்டால் இரண்டையும் சொல்லுகிறோம்.