துணிவும் அக்கறையும்: ரக்பி ஆட்டம் எழுப்பும் அறவினா

பிறர் உடலுக்குத் தீங்கு நேராமல் காக்கும் அக்கறை துணிவைக் குறைத்துவிடுமா என்னும் வினா, உடலோடு உடல் மோதும் ரக்பி ஆட்டத்தின் வரலாற்றில் ஒரு வழக்காகவே எழுந்தது. 1863-இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் விதிகளை வகுத்தபோது, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே காலின் முன்புறத்தில் வேண்டுமென்றே உதைக்கும் ‘ஹேக்கிங்’ என்ற வழக்கத்தை விலக்கினால் ஆட்டத்தின் வீரமே போய்விடும் என்று வாதிட்ட பிளாக்ஹீத் கழகம், அச்சங்கத்தை விட்டு வெளியேறியது. ஆனால் 1871-இல் அதே கழகமும் சேர்ந்து நிறுவிய ரக்பி ஒன்றியம் தன் முதல் விதிகளிலேயே ஹேக்கிங்கைத் தடைசெய்ததோடு, பந்தேந்தி ஓடுபவரைப் பிடித்து நிறுத்தும் ‘டாக்கிள்’ முறையை நிலைநிறுத்தியது.

துணிவைக் கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் இடைப்பட்ட நடுநிலை என்று வரையறுத்த அரிஸ்டாட்டில், துணிவான செயல்களைச் செய்து பழகியே ஒருவர் துணிவுடையவராகிறார் என்றும் கருதினார். அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதைத் திருக்குறளும் அறிவுடைமையின் பகுதியாகவே எண்ணுகிறது. இவ்விரு பார்வைகளின்படியும் அச்சம் குற்றமன்று. அச்சத்தின் வயப்பட்டு அறிவை இழப்பதே குற்றம்.

டாக்கிள் இக்கருத்தை உடலளவில் மெய்ப்பிக்கிறது. அஞ்சுபவர் கண்களை மூடி, தலையைக் கவிழ்த்து, எட்ட நின்றே கைகளை நீட்டுவதால், அவருடைய தலை ஓடிவருபவரின் முழங்காலுக்கோ இடுப்புக்கோ நேர் எதிரே சிக்கிவிடுகிறது. முரட்டுத் துணிச்சல் கொண்டவரோ உடலைத் தாழ்த்தாமல் நிமிர்ந்தே பாய்வதால், தலையோடு தலை மோதுகிறது. கண்களைத் திறந்து, முதுகை நேராக வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, காலை எதிராளிக்கு அருகே ஊன்றி, தலையை அவர் உடலின் முன்னே வைக்காமல் பக்கவாட்டில் ஒதுக்கி, தோளால் தாங்கி இரு கைகளாலும் இறுகச் சுற்றிப் பிடிப்பவரே தம்மையும் எதிராளியையும் ஒருசேரக் காக்கிறார். ஆகவே இங்கே அக்கறை துணிவுக்குப் பகையன்று. துணிவு தன் வடிவத்தைப் பெறுவதே அக்கறையால்தான்.

இத்துணிவை அறிவுரையால் ஊட்ட முடியாது என்பதால், நல்ல பயிற்சியாளர் முதலில் பாதுகாப்பாக விழக் கற்பித்து, பின்பு முழங்காலிட்ட நிலையிலும், அதன்பின் நடந்தும், இறுதியில் ஓடியும் பிடிக்கச் செய்து, ஒத்த உடற்கட்டு உடையவர்களையே இணையாக்கிப் படிப்படியாக மோதலைப் பழக்குகிறார். தோளுக்கு மேலே பிடிப்பதையும், கைகளால் சுற்றிப் பிடிக்காமல் வெறுமனே மோதுவதையும் விதிகள் தண்டிப்பதன் அறப்பொருளும் இதுவே: எதிராளியின் உடல் அழிக்கப்படவேண்டிய பொருளன்று, ஆட்டம் முடியும்வரை நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட உயிர்.

தயங்கி நிற்கும் சிறுவனைக் கோழை என்று பழிப்பவர் அவனுக்குத் துணிவைக் கற்பிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாயவே கற்பிக்கிறார். அவனுடைய அச்சத்தை மதித்து, தலையை எங்கே வைக்கவேண்டும் என்று பொறுமையாகக் காட்டித்தருவதே ஆசிரியரின் கடமை.