பெஞ்சைத் தட்டிய பையன்



சென்ற ஆண்டு திருவிழாவிற்கு ஐந்து நாள் இருக்கையில், மாலை வேளையில் நம் பிள்ளைகள் 22 பேருக்குப் பாட்டுப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஆர்மோனியத்தின் கட்டை ஒன்று அழுந்தியபடியே நின்றுவிட்டது. அதைச் சரிசெய்ய நான் குனிந்த நேரத்தில், பின்வரிசையில் ஒரு பையன் பெஞ்சுப் பலகையை இரு கைகளாலும் தட்டத் தொடங்கினான். மெதுவாய்த் தொடங்கிய தட்டு வரவர விரைந்தது. எங்கள் பாட்டின் தாளத்திற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. "என்னடா அது?" என்று அதட்டினேன். "ரயில், சாமி" என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். "முதலில் பாட்டைப் பாடு, பிறகு ரயில் விடலாம்" என்று சொல்லி வேலையைக் கவனித்தேன். பாட்டு நன்றாய் அமைந்தது. ரயிலை மறந்துபோனேன்.

அதற்கு முந்திய வாரந்தான் அவன் தகப்பனார் பிழைப்பிற்காக மும்பைக்கு ரயிலேறிப் போனார் என்பதைப் பல நாள் கழித்து உபதேசியார் சொன்னார்.

நான் செய்தது தவறா? 22 பேர் கற்க வேண்டிய பாட்டை ஒருவன் விருப்பத்திற்காக நிறுத்தலாகாது என்று என் ஒரு மனம் சொல்கிறது. அந்த ஒருவனுக்கு வேறு எந்த இடத்தைக் காட்டினாய் என்று மற்றொரு மனம் கேட்கிறது. இசைக் கல்வியில் யார் முன்னே நடப்பது, குழந்தையா, ஆசிரியரா? இது பழைய வழக்கு. பிளேட்டோ தமது 'குடியரசு' என்னும் நூலில் அழுகைக்குரிய பண்களையும் மதுமயக்கத்திற்குரிய பண்களையும் தம் நகரத்தினின்று விலக்கினார். ஆயினும் அதே நூலின் 7-ஆம் பகுதியில், பிள்ளைகளை வற்புறுத்தாமல் விளையாட்டின் வழியே கற்பிக்க வேண்டும் என்றும், அப்போதுதான் அவரவர் இயல்பு நமக்குப் புலப்படும் என்றும் கூறுகிறார். அவர் மாணவர் அரிஸ்டாட்டில் இன்னும் வீட்டு மனிதர். தமது 'அரசியல்' நூலின் 8-ஆம் பகுதியில், ஆர்க்கிட்டாஸ் என்பவர் செய்த கிலுகிலுப்பையைப் புகழ்கிறார். குழந்தைகள் வீட்டுச் சாமான்களை உடைக்காதிருக்க அது உதவுமாம்! சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குக் கல்வியே அந்தக் கிலுகிலுப்பை என்பது அவர் கருத்து. குழந்தையின் கை சும்மா இராது என்பதை அந்த ஞானி அறிந்திருந்தார்.

நம் காலத்திற்கு அருகில் இக்கேள்வியைச் செயலில் எடுத்துக்கொண்டவர்கள் ஜெர்மனியில் மியூனிக் நகரில் பணிபுரிந்த இருவர்: இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப், அவருடன் உழைத்த குனில்ட் கேட்மன் அம்மையார். 1924-ல் அந்நகரில் டொரோத்தே குந்தர் என்னும் பெண்மணியுடன் ஓர்ஃப் தொடங்கிய பள்ளியில் இசையும் நடனமும் ஒன்றாய்க் கற்பிக்கப்பட்டன. அப்பள்ளி 1944-ல் மூடப்பட்டது. மறு ஆண்டு குண்டுவீச்சில் கட்டடமும் அழிந்தது. போர் முடிந்து, 1948-ல் பவேரிய வானொலி நிலையம் குழந்தைகளுக்கான இசை நிகழ்ச்சி வேண்டும் என்று ஓர்ஃபைக் கேட்டது. பழைய பள்ளியில் மிஞ்சிய சில கருவிகளையும், முன் பயிற்சியில்லாத 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தொடங்கினார்கள். இடிந்த நகரத்துப் பிள்ளைகள் அவர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த அனுபவத்திலிருந்து 1950 முதல் 1954 வரை 5 புத்தகங்கள் வெளிவந்தன.

அவர்கள் முறையில் முதற்பாடம் இரண்டே சுரம். பஞ்சமத்திலிருந்து காந்தாரத்திற்கு இறங்கும் ஒலி. அந்நாட்டுக் குக்கூப் பறவையின் கூவல் அது. (நம் ஊர்க் குயில் மேலேறிக் கூவும்.) பிறகு மரக்கட்டைகளை வரிசையாய் அடுக்கிய சைலோபோன் வரும். அதில் ஒவ்வொரு கட்டையையும் கழற்றி எடுக்கலாம். ஆசிரியர் மத்திமத்தையும் நிஷாதத்தையும் எடுத்துவிடுகிறார். எஞ்சுவது ச, ரி, க, ப, த, நமது மோகனம். பிள்ளை எந்தக் கட்டையைத் தட்டினாலும் அடுத்தவன் தட்டுவதோடு முரண்படாது. ஆகவே "தப்பு" என்று அதட்ட வேண்டிய அவசியமே பெரும்பாலும் எழுவதில்லை.

இங்கேதான் நம்மில் பலர் தவறாக எண்ணுகிறோம். குழந்தை முன்னே நடந்தால் ஆசிரியருக்கு வேலையில்லை, வீட்டில் கீழ்ப்படிதல் கெட்டுப்போகும் என்கிறோம். ஆனால் எந்தக் கட்டையை எடுப்பது, யார் பக்கத்தில் யாரை அமர்த்துவது, எப்போது வாய் திறவாமல் இருப்பது என்பதையெல்லாம் பிள்ளை வருமுன்பே ஆசிரியர் தீர்மானித்திருக்கிறார். பிரம்பைக் காட்டும் அதிகாரத்தைவிட இது கடினமான அதிகாரம் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. கோபத்தில் இருக்கும் பிள்ளைக்கு இனிமை வேண்டாம். முட்டிக்கொள்ளும் ஒலியே வேண்டியிருக்கலாம். அவனுக்கு மோகனத்தைக் கொடுப்பது அழுகிறவன் வாயில் கற்கண்டு போடுவதாகும். நல்ல வேளையாக, அவர்கள் வகுப்பில் பலவகைப் பறைகளும் இருந்தன.

அவர்கள் அடிக்கடி கையாண்ட வேறொரு வடிவம் என் வழக்கிற்கே விடை சொல்வது போலிருக்கிறது. முதலில் எல்லாரும் சேர்ந்து ஒரு பகுதியை இசைப்பார்கள். பின் ஒரு பிள்ளை தனியாகத் தன் மனம் போனபடி வாசிப்பான், மற்றவர்கள் கேட்பார்கள். மீண்டும் எல்லாரும் அந்தப் பொதுப் பகுதிக்குத் திரும்புவார்கள். பிறகு வேறொருவன் முறை. நம் பாட்டுகளில் பல்லவிக்குத் திரும்புகிறோமே, அது போல. அன்று நான் இதை அறிந்திருந்தால், திருவிழாப் பாட்டு பல்லவியாய் நின்றிருக்கும். நடுவே ரயில் ஒரு நிமிடம் ஓடியிருக்கும். ஐந்து நாளில் ஒரு நிமிடத்தால் என்ன குறைந்துவிடும்!

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை தானாய் ஒன்றை வாசித்தால் உடனே கைப்பேசியில் படம் பிடித்து உறவினருக்கு அனுப்புகிறோம். அடுத்த முறை அவன் உறவினருக்காகவே வாசிக்கிறான். இன்னும் சிலர், "ஏன் இப்படிச் சோகமாய்த் தட்டினாய்?" என்று துருவுகிறார்கள். சொல்லில் வராததால்தானே அவன் தட்டினான்! இசை எல்லாத் துயரையும் தீர்க்கும் என்றும் எண்ணாதீர்கள். தாவீதின் யாழிசையால் சவுல் அரசனுக்கு ஆறுதல் கிடைத்தது மெய். அதே சவுல் அவன் வாசித்துக்கொண்டிருக்கையிலேயே ஈட்டியை எறிந்ததும் மெய்.

சில வாரங்களுக்கு முன் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, அந்த ரயிலைத் தட்டிக் காட்டேன்" என்றேன். சற்று யோசித்தான். "மறந்துபோச்சு சாமி" என்று சொல்லி விளையாடப் போய்விட்டான்.

வருகிற சனிக்கிழமை முதல், ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் அரைமணி நேரம் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் பள்ளிக் கூடத்தில் இருப்பார்கள். மேடை இல்லை, போட்டி இல்லை, பரிசும் இல்லை. பெற்றோர் வேப்பமரத்தடியில் காத்திருக்கக் கேட்டுக்கொள்கிறேன். சன்னல் வழியே எட்டிப் பார்க்க வேண்டாம். வீட்டில் பழைய பிஸ்கட் டின், கொட்டாங்கச்சி, ஓசை நன்றாய் எழும் மரத்துண்டு இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். ஆர்மோனியத்தைப் பூட்டி வைத்துவிடுவேன்.